வேகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ள முடியாது

தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011இல் ஸோஹோ நிறுவனம் அலுவலகம் திறந்தது. மென்பொருள் வேலை என்றால் சென்னைக்கோ பெங்களூருக்கோ ரயிலேறியே ஆக வேண்டும் என்ற நிலை அதன் பிறகு இந்த வட்டாரத்தில் கொஞ்சம் மாறியிருக்கிறது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் அந்நிறுவனத்தின் பள்ளியில் உதவித்தொகை பெற்றுக்கொண்டே நிரல் எழுதப் பழகுகிறார்கள். பொறியியல் மாணவர்கள் வேலைத் தேர்வுகளுக்காக, வாக்கியத்தைச் சொற்களாகப் பிரிப்பது, அடைப்புக்குறிகள் ஒழுங்காக மூடியிருக்கின்றனவா என்று பார்ப்பது போன்ற கணக்குகளைப் போட்டுப் பார்க்கிறார்கள். தெரிந்தோ தெரியாமலோ இவர்கள் எழுதுவதெல்லாம் குட்டிக் குட்டி பார்சர்கள்தான். இவர்களுக்கு வகுப்பிலும் யூடியூபிலும் முதல் வேலையிலும் தவறாமல் கிடைக்கிற அறிவுரை ஒன்று உண்டு: “முதலில் படிக்கிற மாதிரி எழுது, வேகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.”

பல நிரல்களுக்கு இது நல்ல அறிவுரை. பார்சருக்கு இது கெட்ட அறிவுரை.

பார்சர் என்பது வெறும் எழுத்துகளின் வரிசையாக வந்து விழும் உரையை வாங்கி, அதிலிருந்து பொருளுள்ள உறுப்புகளைப் பிரித்தெடுக்கும் நிரல். மின்னஞ்சலில் அனுப்பியவர் யார், தலைப்பு எது, இணைப்பு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பது பார்சர். எக்செல் பட்டியலை இறக்கும்போது எந்த எண் எந்தக் கட்டத்துக்குப் போக வேண்டும் என்று தீர்மானிப்பதும் பார்சர். அதற்கு ஒரு தனிக் குணம் இருக்கிறது. தனக்கு எவ்வளவு பெரிய உரை வரப்போகிறது, யார் அனுப்பப்போகிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. வெளியிலிருந்து வருவது எதுவானாலும் முதலில் வாங்குவது அதுதான். உள்ளே இருக்கும் மற்ற நிரல்கள், பார்சர் சலித்துக் கொடுத்ததைத்தான் பார்க்கின்றன.

பரவலான கருத்தைச் சொல்பவர்களின் முதல் வாதம் செலவைப் பற்றியது. கணினி மலிவு, நிரலாளரின் நேரம் விலை அதிகம். ஆகவே மனிதருக்கு வசதியாக எழுதிவிட்டு, வேகம் போதாவிட்டால் இன்னும் நான்கு கணினிகளை வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு. இந்தக் கணக்கு ஒரு பாதிக்குச் சரி. 2025 செப்டம்பர் கடைசியில் ஸோஹோவின் அரட்டை செயலியில் சேருகிறவர்களின் எண்ணிக்கை, நாளொன்றுக்கு மூவாயிரத்திலிருந்து மூன்றே நாளில் மூன்றரை லட்சமாக ஏறியது என்று அதன் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு அறிவித்தார். நூறு மடங்குக்கும் மேல். அப்படிப்பட்ட நேரத்தில் கணினிகளைக் கூட்டுவதுதான் வழி. அது பலிக்கவும் செய்யும். ஏனென்றால் ஆள் பெருகும்போது வேலையைப் பங்குபோட்டுக் கொடுக்கலாம்.

ஆனால் ஒரே ஒரு நீளமான செய்தி வந்து ஒரு மோசமான பார்சரில் சிக்கிக்கொண்டால், அதைப் பத்துக் கணினிகளுக்குப் பங்கிட முடியாது. உரை இரு மடங்கானால் வேலை நான்கு மடங்காகும்படி எழுதிய பார்சருக்கு, உரை நூறு மடங்கானால் வேலை பத்தாயிரம் மடங்காகும். காசு கொடுத்து வாங்குகிற எந்தக் கணினியும் பத்தாயிரம் மடங்கு வேகமாக ஓடாது. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் “கணினி மலிவு” என்று மட்டும் சொல்லிக்கொடுப்பது பிள்ளைகளுக்குச் செய்கிற துரோகம்.

படிக்க எளிதான நிரல் எப்படி இந்தப் பள்ளத்தில் விழுகிறது என்பதற்குப் பழக்கமான ஒரு வழக்கத்தைப் பார்க்கலாம். உரையின் முதல் எழுத்தை எடு, பார், மிச்சத்தைப் புதிய உரையாக வைத்துக்கொள், மறுபடி முதல் எழுத்தை எடு. பைத்தானில் இதை எழுதினால் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருக்கும். ஆனால் “மிச்சத்தை வைத்துக்கொள்” என்ற ஒவ்வொரு முறையும் மிச்சம் முழுவதும் நகலெடுக்கப்படுகிறது. குற்றாலம் மெயினருவியில் குளித்துவிட்டு ஐந்தருவிக்குப் போவதற்கு, மறுபடி தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பஸ் ஏறுகிற கதை. ஆயிரம் எழுத்து உரையில் ஐந்து லட்சம் எழுத்துகள் நகலாகும், யாருக்கும் தெரியாது. ஒரு லட்சம் எழுத்து உரையில் 500 கோடி. அதற்குப் பதில், இப்போது எந்த இடத்தில் நிற்கிறோம் என்று ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அதை ஒவ்வொன்றாகக் கூட்டிப் போனால் ஒரு லட்சம் அடிகளில் வேலை முடியும். அந்த நிரல் படிக்கக் கடினமா என்றால், இல்லை. வரிகளின் எண்ணிக்கைகூட ஏறக்குறைய ஒன்றுதான்.

ஜாவாவில் நடந்தது இன்னும் உறைக்கக்கூடியது. உரையின் துண்டை வெட்டி எடுக்கும் கட்டளை ஒரு காலத்தில் நகல் எடுக்காமல், பழைய உரையையே பகிர்ந்துகொண்டது. 2012இல் வந்த ஜாவா 7இன் ஆறாவது புதுப்பிப்பில் அந்த ஏற்பாட்டை மாற்றினார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு துண்டும் தனி நகல். துண்டு போடுவது இலவசம் என்று நம்பி எழுதிய நிரல்களில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. செலவு மட்டும் மாறிவிட்டது. நிரலை எத்தனை தடவை படித்தாலும் இது கண்ணில் படாது. எத்தனை தடவை நகலெடுக்கிறோம் என்று கேட்டிருந்தால் பட்டிருக்கும்.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று யாராவது நினைத்தால் ஜிடிஏ ஆன்லைன் விளையாட்டின் கதையைக் கேட்க வேண்டும். கோடிக்கணக்கில் விற்ற விளையாட்டு அது. 2013இல் வெளிவந்ததிலிருந்து, திறந்தால் ஆடுவதற்குள் பல நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பது உலகறிந்த புலம்பல். 2021 பிப்ரவரியில் டோஸ்ட் என்ற புனைபெயரில் எழுதும் ஒருவர், மூல நிரல் கையில் இல்லாமலேயே காரணத்தைக் கண்டுபிடித்தார். பத்து மெகாபைட் ஜேசான் கோப்பு ஒன்று. உள்ளே சுமார் 63,000 பொருட்களின் பட்டியல். ஒவ்வொரு எண்ணையும் படிக்க, சி மொழியில் எல்லோரும் பயன்படுத்தும் எஸ்ஸ்கேன்எஃப் கட்டளையை அழைத்திருந்தார்கள். அது ஒவ்வொரு முறையும் கோப்பு எங்கே முடிகிறது என்று கடைசி எழுத்துவரை அளந்து பார்த்துவிட்டுத்தான் எண்ணைப் படித்தது. படித்த பொருளைச் சேர்க்கும்போது முன்பே இருக்கிறதா என்று பட்டியல் முழுவதையும் தேடினார்கள். அதில் மட்டும் ஏறக்குறைய 198 கோடி ஒப்பீடுகள். இரண்டையும் திருத்தியதும் அவருடைய கணினியில் ஆறு நிமிடக் காத்திருப்பு இரண்டு நிமிடத்துக்குள் வந்தது. விளையாட்டை வெளியிட்ட ராக்ஸ்டார் நிறுவனம் அவருக்குப் பத்தாயிரம் டாலர் பரிசு கொடுத்து, மார்ச் மாதமே திருத்தத்தை வெளியிட்டது.

ஏழு ஆண்டுகளுக்கும் மேலாக “அப்புறம்” வரவேயில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். எண்ணைப் படிக்க எஸ்ஸ்கேன்எஃப், பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு தேடல். எந்த ஆசிரியரும் குறை சொல்ல முடியாத, தெளிவான அமைப்பு. அந்தத் தெளிவுதான் யாரையும் இரண்டாம் முறை பார்க்கவிடவில்லை.

அடுத்தது ரெகெக்ஸ், அதாவது உரையில் தேட வேண்டிய வடிவத்தைக் குறிகளாலான ஒரு வரியில் எழுதும் முறை. ஒரு வரியில் விஷயம் முடிந்துவிடும் என்பதால் வாசிப்பு எளிமைக்கு இதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். 2016 ஜூலை 20 அன்று நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 34 நிமிடம் முடங்கியது. காரணம், வரியின் முன்னும் பின்னும் இருக்கும் இடைவெளிகளை நீக்கும் ஒற்றை வரி ரெகெக்ஸ். யாரோ இட்ட பதிவில் வரி நடுவே இருபதாயிரம் இடைவெளிகள் இருந்தன. ரெகெக்ஸ் எந்திரம் முதல் இடைவெளியில் தொடங்கி இருபதாயிரத்தையும் கடந்து, வரி முடியவில்லை என்று கண்டு திரும்பி, இரண்டாவது இடைவெளியிலிருந்து மறுபடி தொடங்கியது. பிறகு மூன்றாவதிலிருந்து. மொத்தம் 20 கோடிச் சோதனைகள். அந்தப் பதிவு முகப்புப் பக்கத்தில் வேறு தெரிந்துகொண்டிருந்ததால், தளம் உயிரோடு இருக்கிறதா என்று முகப்பைத் தட்டிப் பார்க்கும் கருவி, சர்வர்களை ஒவ்வொன்றாகச் செத்ததாக ஒதுக்கிவிட்டது. மூன்று ஆண்டு கழித்து, 2019 ஜூலை 2 அன்று, பல தளங்களின் போக்குவரத்தைக் கையாளும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனமும் இதே வகை ரெகெக்ஸ் ஒன்றால் 27 நிமிடம் தள்ளாடியது. இணையத்தின் ஒரு பெரும் பகுதியும் கூடவே தள்ளாடியது.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் அந்த ரெகெக்ஸ், சாதாரண இடைவெளியோடு அகலமில்லாத பிரிப்பான் என்ற கண்ணுக்குத் தெரியாத குறியையும் நீக்கியது. தமிழ் இதழ்களில் க்-உம் ஷ-உம் ஒட்டிக்கொள்ளாமல் தனித்தனியாக நிற்பதற்குத் தட்டச்சர்கள் இடையில் போடுவது அதே குறியைத்தான். எங்கோ நடந்த கூத்து என்று தமிழ் நிரலாளர் கடந்துபோக முடியாது.

தமிழுக்கே வருவோம். தென்காசி என்பது பள்ளிப் பிள்ளைக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் எட்டுக் குறியீடுகள். யூடிஎஃப்-8 கோப்பில் 24 பைட். குற்றாலம் ஐந்து எழுத்து, ஒன்பது குறியீடு, 27 பைட். தமிழ் உரையைக் கையாளும் எந்த பார்சரும் முதலில் செய்ய வேண்டியது இந்தக் குறியீடுகளை எழுத்துகளாகக் கூட்டுவது. “படிக்கிற மாதிரி” எழுதச் சொன்னால் புதியவர் பலர் செய்வது, 247 எழுத்துகளையும் ஒரு பட்டியலில் போட்டு, ஒவ்வொரு இடத்திலும் எது பொருந்துகிறது என்று வரிசையாகத் தேடுவது. புரியும், சந்தேகமில்லை. ஆனால் ஓர் எழுத்துக்கு 247 ஒப்பீடுவரை போகும், கிரந்த எழுத்து வந்தால் விழிக்கும், பட்டியலில் ஒன்று விட்டுப்போனால் யாருக்கும் தெரியாது. மாற்று வழி ஒரே விதி: உயிரோ அகரமேறிய மெய்யோ வந்தால் புதிய எழுத்து தொடங்குகிறது, புள்ளியோ கொம்போ காலோ வந்தால் முந்தைய எழுத்தோடு சேர்கிறது. க்ஷவுக்கும் ஸ்ரீக்கும் மட்டும் விலக்கு. உரையை ஒருமுறை நடந்து கடந்தால் போதும். இரண்டாவது வேகமானது, முதலாவதைவிட இலக்கணத்துக்கும் நெருக்கமானது. ஒன்றாம் வகுப்பில் க-வுக்குக் கால் போட்டால் கா என்று சொல்லிக்கொடுக்கும் முறையேதான் அது.

வாசிப்பு எளிமையையும் வேகத்தையும் தராசின் எதிரெதிர்த் தட்டுகளில் வைக்கும் பார்வை எதிர்ப்பக்கத்திலும் இதே தவறைச் செய்ய வைத்தது. யூனிகோடில் தமிழ் எழுத்து துண்டு துண்டாக இருப்பதால் கணினிக்கு வேகம் குறைகிறது என்பது டேஸ்-16 குறியேற்றத்தை ஆதரித்தவர்களின் முக்கிய வாதங்களில் ஒன்று. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே 16 பிட் குறியீடு, எளிய கணக்கில் உயிரையும் மெய்யையும் பிரிக்கலாம் என்றார்கள். 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த வேளையில், தமிழ்நாடு அரசு யூனிகோடோடு அதையும் தரமாக அறிவித்தது. வடிவமைத்தவர்களின் அக்கறை உண்மையானது, அந்தக் கணக்கும் அழகானது. ஆனால் அடுத்த ஒரு குறியீட்டை எட்டிப் பார்த்தால் தீர்கிற வேலைக்கு ஒரு புதிய குறியேற்றம் தேவைப்படவில்லை. இன்று கைபேசியும் மின்னஞ்சலும் செய்தித்தளமும் யூனிகோடில்தான் ஓடுகின்றன.

சரியாக இருப்பது என்ற மூன்றாவது விஷயத்தையும் இந்தத் தராசு மறைக்கிறது. காற்புள்ளியால் பிரித்த சிஎஸ்வி கோப்பைப் படிக்க, காற்புள்ளி வரும் இடமெல்லாம் வெட்டு என்று ஒரு வரி எழுதலாம். அதைவிடப் படிக்க எளிதான நிரல் கிடையாது. நம்மூர் கணக்குப் பட்டியலில் மேற்கோள்குறிக்குள் “1,25,000” என்று ஒரு தொகை வந்தால் அது மூன்று கட்டமாகச் சிதறும். “மத்தளம்பாறை, தென்காசி” என்று முகவரி வந்தால் ஊர் அடுத்த கட்டத்துக்குத் தாவும். ஸ்ரீ என்ற எழுத்து ஸ்-ஐ வைத்தும் எழுதப்படுகிறது, 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶ-வை வைத்தும் எழுதப்படுகிறது. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றே, கணினிக்கு வேறு வேறு. ஸ்ரீதர் என்று தேடினால் சில ஸ்ரீதர்கள் அகப்படமாட்டார்கள். ஒவ்வோர் எழுத்தையும் ஒருமுறை நின்று பார்த்து, “இப்போது மேற்கோளுக்குள் இருக்கிறேனா, வெளியிலா” என்று நினைவு வைத்துக்கொண்டு நகரும் பார்சரில் இவற்றைக் கவனிக்க இடமிருக்கிறது. அதே நடைதான் வேகமானதும்கூட.

எதிர்த்தரப்பின் பலமான சான்று 2017இல் வெளியான கிளவுட்பிளீட் விவகாரம். கூகுளின் டேவிஸ் ஓர்மண்டி கண்டுபிடித்த அந்தக் கசிவில், கிளவுட்ஃப்ளேர் வழியே போன பல தளங்களின் அந்தரங்கத் தரவுகள் வேறு பக்கங்களில் ஒட்டிக்கொண்டு வெளியே வந்தன. ராகெல் என்ற கருவியைக் கொண்டு உண்டாக்கிய வேகமான எச்டிஎம்எல் பார்சர்தான் காரணம். உரையின் முடிவை அடைந்துவிட்டோமா என்று பார்க்கும் இடத்தில், முடிவுக்குச் சமமா என்று மட்டும் கேட்டது. முடிவைத் தாண்டிவிட்டோமா என்று கேட்கவில்லை. ஒருமுறை முடிவைத் தாண்டிக் குதித்தபின் சமம் என்பது வரவே வராது. பக்கத்து நினைவகத்தைப் படித்துக்கொண்டே போயிற்று. வேகத்துக்கு ஆசைப்பட்டால் இதுதான் கதி என்று இதைக் காட்டுகிறார்கள்.

நிகழ்ந்ததை உற்றுப் பார்த்தால் படம் வேறு. அந்தப் பிழை இருந்த வரியை யாரும் கையால் முறுக்கி எழுதவில்லை. நிரலாளர்கள் எழுதியது ராகெலின் விதிக்கோப்பு. எந்திரம் அதிலிருந்து சி நிரலை உண்டாக்கியது. இப்படிப்பட்ட கருவியில் எழுதுவதும் படிப்பதும் விதிக்கோப்பு, ஓடுவது அதிலிருந்து உண்டான நிரல். மேலே படிக்க நன்றாக இருந்தது, கீழே ஓடியது வேறு. இந்தச் சான்று வேகத்துக்கு எதிராகப் பேசவில்லை. ஓடுகிற நிரலைப் பார்க்காமலே படித்துவிட்டதாக நம்பும் பழக்கத்துக்கு எதிராகப் பேசுகிறது.

கடைசியில் எல்லோரும் கணினி அறிஞர் டொனால்ட் நூத் பெயரைச் சொல்லி வாயடைக்கிறார்கள். காலத்துக்கு முந்திய வேக மெருகுதான் தீமைகளின் வேர் என்ற கருத்து அவருடைய 1974ஆம் ஆண்டுக் கட்டுரையில் வருகிறது. அதே பத்தியில் அவர், பெரும்பகுதி நிரலில் சில்லறை மிச்சங்களை மறந்துவிடலாம், ஆனால் முக்கியமான மூன்று சதவீதத்தில் வாய்ப்பை நழுவவிடக் கூடாது என்றும் சொல்கிறார். அதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. வெளியிலிருந்து வரும் ஒவ்வோர் எழுத்தும் மிதித்துப் போகிற பார்சரின் மையச் சுழல் அந்த மூன்று சதவீதத்தில் வராவிட்டால் வேறு எது வரும்?

நூத் செய்துகாட்டியது இன்னும் பெரிது. அவருடைய டெக் மென்பொருள், உரையைப் படித்து அச்சுப் பக்கமாக ஆக்குவது. அதன் முழு நிரலையும் 1986இல் மனிதர்கள் உட்கார்ந்து படிக்கும்படி ஒரு புத்தகமாகவே வெளியிட்டார். அதன் சொல்லடைவில் “உட்சுழல்” என்று ஒரு பதிவு உண்டு. நேரம் எங்கெல்லாம் அதிகம் செலவாகிறதோ அந்தப் பகுதிகளின் எண்கள் அங்கே வரிசையாக இருக்கும். வேகம் எங்கே முக்கியம் என்பதையே வாசகர் படிக்கும் செய்தியாக ஆக்கியிருக்கிறார். அவர் பெயரைச் சொல்லி வேகத்தை ஒத்திப்போடுகிறவர்கள் அந்தச் சொல்லடைவை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

வேகம் பொருட்டே இல்லாத பார்சர்கள் இல்லையா என்றால், உண்டு. தென்காசி மாவட்டத்தில் மழைக்காலத்தில் தினமும் அணைகளின் நீர்மட்டம் செய்தியாக வரும். கடனாநதி, ராமநதி, கருப்பாநதி, குண்டாறு, அடவிநயினார், ஐந்தே வரி. அதைப் படித்து அட்டவணையாக்கும் நிரல் ஒரு வினாடி எடுத்தாலும் பத்து வினாடி எடுத்தாலும் யாருக்கும் நட்டமில்லை. குண்டாறு அணையின் 36.10 அடியில் புள்ளியைத் தவறவிட்டு 3610 என்று படித்தால்தான் ஆபத்து. ஐந்து வரிக்கு மேல் ஒருபோதும் வராது என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில், எப்படி வசதியோ அப்படி எழுதலாம். அந்த உறுதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் ஸோஹோ தளத்துக்கு மாறியதாக 2025 அக்டோபரில் செய்தி வந்தது. அத்தனை பெட்டிகளிலும் யார் என்ன நீளத்தில் எதை அனுப்புவார்கள் என்று எந்த நிரலாளரும் கணித்துவிட முடியாது.

சிறிய ஊர்ப் பிள்ளைகள் பழகும் இடத்தில் நிரல் எளிமையாக இருக்க வேண்டும் என்ற வாதத்தில் நல்லெண்ணம் இருக்கிறது. ஆனால் அவர்களுக்கு எளிமை எது? ரெகெக்ஸ் ஒரு வரிதான். அதற்குள் எந்திரம் எத்தனை முறை பின்னே போகிறது என்பது அனுபவசாலிக்கே பிடிபடாது. ஒரு விதிக்கு ஒரு செயற்கூறு, கையில் ஓர் இட எண், முன்னே மட்டும் நகர்வது என்று எழுதிய பார்சரை, பிளஸ் டூ முடித்தவர் விரலை வைத்துக்கொண்டே பின்தொடர முடியும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ அந்த ரெகெக்ஸைத் தூக்கிவிட்டு வைத்தது, ஓரத்திலிருந்து எண்ணி வெட்டும் சாதாரண நிரலைத்தான்.

கம்பைலர் எழுதுகிறவர்கள் இந்த முடிவுக்கு எப்போதோ வந்துவிட்டார்கள். ஜிசிசி கம்பைலர் தன்னுடைய சி++ பார்சரை 2004இல் வந்த 3.4 பதிப்பிலும், சி பார்சரை 2006இல் வந்த 4.1 பதிப்பிலும், பைசன் கருவி உண்டாக்கியதிலிருந்து கையால் எழுதியதற்கு மாற்றியது. பைத்தான் எதிர்த்திசையில் போய், 2020இல் வந்த 3.9 பதிப்பில் இலக்கணக் கோப்பிலிருந்து உண்டாகும் புதிய பார்சரை ஏற்றது. ஆனால் ஏற்பதற்கு முன்பே ஒரு வரம்பு போட்டார்கள்: வேகத்திலும் நினைவகத்திலும் பழையதற்குப் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். படிக்க எளிதான இலக்கணத்தைத் தேர்ந்தெடுத்தவர்களும் செலவை அப்புறத்துக்குத் தள்ளவில்லை.

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் கம்பைலர் ஆய்வகத்தில் லெக்ஸ், யாக் என்ற பார்சர் கருவிகளைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். விதியை எழுதினால் பார்சர் தானே வந்துவிடுகிறது. விடை சரியாக இருந்தால் மதிப்பெண். அதோடு இன்னொரு பயிற்சி சேர வேண்டும். தமிழ் உரையை எழுத்துகளாகப் பிரிக்கும் நிரலைக் கையால் எழுதச் சொல்லி, ஆயிரம் எழுத்துக் கோப்பையும் லட்சம் எழுத்துக் கோப்பையும் கொடுத்து, இரண்டுக்கும் ஆன நேரத்தை மாணவரையே குறித்துவரச் சொல்ல வேண்டும். நேரம் நூறு மடங்கைச் சுற்றி நின்றதா, பத்தாயிரத்தை நோக்கி ஓடியதா, ஏன் என்று அவர் தன் நிரலின் வரியைத் தொட்டுக் காட்டிய பிறகே அந்தப் பயிற்சியில் கையெழுத்துப் போட வேண்டும்.